இரண்டு வருடக் கிளிநொச்சி வீட்டுக்கு என்ன சாமான் வாங்குவது?

கேள்வி:

அன்புள்ள அக்கா,

நான் மட்டக்களப்பைச் சேர்ந்தவன். வங்கியொன்றில் வேலை. வருகிற மாதம் கிளிநொச்சிக் கிளைக்கு இடமாற்றம். இரண்டு வருடம் என்கிறார்கள், ஆனால் ஒரு வருடம் முடிய முன்னரே வேறு ஊருக்கு மாற்றப்பட்டவர்களும் இருக்கிறார்கள். கரடிப்போக்குச் சந்திக்கு உள்ளே ஒரு வீடு வாடகைக்குப் பார்த்துவிட்டோம். இரண்டு அறை, ஒரு ஹோல், குசினி. வீட்டுக்காரர் கனடாவில், திறப்பு அவருடைய மச்சானிடம். ஹோலில் ஒரு சீலிங் ஃபான் தவிர உள்ளே ஒரு சாமானும் இல்லை. மனைவியும் நாலு வயது மகளும் என்னோடு வருகிறார்கள். அம்மா இடைக்கிடை வந்து நிற்பார்.

கையில் ஒன்றரை இலட்சம் ரூபா இருக்கிறது. ஒரு தளபாடக் கடையில் செற்றி, ஆறு கதிரையோடு சாப்பாட்டு மேசை, பெரிய கட்டில், மூன்று கதவு அலுமாரி, கண்ணாடி மேசை எல்லாவற்றையும் சேர்த்து 24 மாதத் தவணையில் தருகிறோம் என்கிறார்கள். மனைவிக்கு அதில் விருப்பம். "புது இடம், உங்களோடு வேலை செய்கிற ஆட்கள் வருவார்கள், வெறும் ஹோலையா காட்டுவது?" என்று கேட்கிறார். அம்மாவோ தன்னுடைய தேக்கங்கட்டிலைக் கொண்டுபோ என்று நிற்கிறார். எனக்கு ஒரு முடிவும் எடுக்க முடியவில்லை. என்ன செய்யலாம்?

மட்டக்களப்பு வாசகர்

பதில்:

தம்பி, அந்தத் தவணைக் கடதாசியில் இப்போதைக்குக் கையெழுத்து வைக்க வேண்டாம். மற்றதெல்லாம் ஆறுதலாகக் கதைப்போம், இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

கடைக்காரரிடம் இரண்டே இரண்டு தொகையைக் கேளுங்கள். முழுக் காசையும் இன்றைக்கே கொடுத்து எடுத்தால் எவ்வளவு? 24 மாதமும் கட்டி முடிக்கும்போது மொத்தம் எவ்வளவு? ஒரு பேச்சுக்கு, கைக்காசு விலை இரண்டு இலட்சம், தவணை மாதம் 12,500 என்று வையுங்கள். முடிவில் மூன்று இலட்சம் கட்டியிருப்பீர்கள். அந்த மேலதிக ஒரு இலட்சத்துக்கு வீட்டுக்கு ஒரு கரண்டிகூட வராது. பத்தாம் மாதமே உங்களை மன்னாருக்கு மாற்றினால் என்ன செய்வீர்கள்? 14 தவணை மிச்சம் இருக்கும். செற்றியை ஏற்ற லொறி பிடிக்க வேண்டும். போகிற வீட்டு வாசலுக்குள் மூன்று கதவு அலுமாரி நுழையுமா என்பது அங்கே போய் இறக்கும்போதுதான் தெரியும். விற்றுவிட்டுப் போகலாம் என்றால், கட்டி முடியாத சாமானை யாருக்கு விற்பது?

நீங்கள் வங்கியில் இருப்பவர், வட்டிக் கணக்கை நான் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் வட்டி தெரிந்தவர்களும் வீட்டுச் சாமான் என்று வரும்போது மாதத் தொகையை மட்டும்தான் பார்க்கிறார்கள். வன்னியில் தவணையும் நுண்கடனும் குடும்பங்களை என்ன பாடு படுத்தியது என்பதை இங்கே வேலை தொடங்கிய பிறகு நீங்களே காண்பீர்கள். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்க வேண்டி வந்தது. உங்கள் நிலைமை அப்படி இல்லைத்தான். ஆனாலும் இரண்டு வருடத்துக்கு வருகிறவர் இரண்டு வருடக் கடனோடு வரவேண்டிய தேவை இல்லை.

தங்கச்சியின், அதாவது உங்கள் மனைவியின், கவலையை நான் சின்ன விஷயமாக எடுக்கவில்லை. ஊர் விட்டு ஊர் வந்து, தெரியாத ஆட்களுக்கு நடுவில் வீடு நடத்தப் போகிறவர் அவர். பகல் முழுக்க அந்த வீட்டுக்குள் இருக்கப் போகிறவரும் அவர்தான். வீடு வீடாக இருக்க வேண்டும் என்று அவர் நினைப்பதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் வருகிறவர்கள் குறைவாக நினைப்பார்கள் என்ற பயம் இந்த ஊருக்குப் பொருந்தாது. 2009இல் போர் முடிந்த பிறகு மெனிக் பாமிலிருந்தும் மற்ற முகாம்களிலிருந்தும் திரும்பி வந்த குடும்பங்கள் தறப்பாளுக்குக் கீழேயும் தகரக் கொட்டிலிலும், பாயும் இரண்டு சட்டியும் வைத்துக்கொண்டுதான் திரும்பவும் வாழத் தொடங்கினார்கள். உங்களோடு வேலை செய்யப் போகிறவர்களில் பலர் அந்த வீட்டுப் பிள்ளைகளாக இருப்பார்கள். பாயை விரித்து ஒரு தேத்தண்ணி கொடுத்தால், இருந்து நன்றாகக் கதைத்துவிட்டுப் போவார்கள். போகும்போது "என்ன தேவை என்றாலும் கேளுங்கோ" என்று சொல்லிவிட்டும் போவார்கள். அப்படிச் சொன்னால் உண்மையிலேயே கேளுங்கள். கூடுதலாக ஒரு மேசையோ கதிரையோ பல வீடுகளில் சும்மா கிடக்கும்.

சரி, இனி வாங்குகிற கதை. இப்படி இடம் மாறி வருகிறவர்களுக்கு வீடு ஒழுங்குபடுத்திக் கொடுப்பது என் தொழிலில் ஒரு பகுதி. எந்தச் சாமானைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, நீங்கள் இந்த ஊரை விட்டுப் போகிற அன்று இது என்ன ஆகும் என்பதைத்தான். கழற்றி ஒரு சின்னப் பட்டா லொறியில் ஏற்றலாமா? அயலில் யாராவது ஓரளவு விலைக்கு எடுப்பார்களா? இல்லையென்றால், மனம் நோகாமல் யாருக்காவது கொடுத்துவிட்டுப் போகலாமா? மூன்றுக்கும் இல்லை என்று பதில் வந்தால் அதை வாங்கக் கூடாது. கடைக்காரர் காட்டிய தொகுதியை இந்தக் கேள்வியோடு ஒருமுறை திருப்பிப் பாருங்கள். செற்றி, மூன்று கதவு அலுமாரி, கண்ணாடி மேசை மூன்றும் அங்கேயே நின்றுவிடும்.

ஆனால் வாங்க முதல் வீட்டைப் பார்க்க வேண்டும். திறப்பு வைத்திருக்கிற மச்சானிடம் கேட்டு ஒரு முறை மத்தியானம் இரண்டு, மூன்று மணிக்குப் போய் உள்ளே அரை மணித்தியாலம் நில்லுங்கள். காலையில் பார்த்த வீடும் மத்தியானத்தில் நிற்கிற வீடும் வேறு. கூரை அஸ்பெஸ்டஸ் சீற் என்றால், ஓட்டுக் கூரை வீட்டை விட வெக்கை அதிகம். எந்த அறைச் சுவர் மேற்கு வெயிலை வாங்குகிறது என்று கையை வைத்துப் பாருங்கள். அந்த அறையைப் படுக்கைக்கு எடுக்காமல் சாமான் வைக்கவும் உடுப்பு மாற்றவும் எடுங்கள். இந்த ஒன்றுக்குக் காசு செலவில்லை, ஆனால் சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை ஒவ்வொரு இரவும் அதன் பலன் தெரியும்.

பிறகு சுவர் அடியைப் பாருங்கள். கறையான் ஏறிய மண் கோடு இருந்தால் நகத்தால் ஒரு விரல் அகலத்துக்குச் சுரண்டிவிடுங்கள். உள்ளே ஈரமாக, வெள்ளையாக ஓடினால் இப்போதும் உயிரோடு இருக்கிற புற்று. காய்ந்து பொடியாக உதிர்ந்தாலும் உடனே நம்ப வேண்டாம். சுரண்டிய இடத்தைப் படம் எடுத்து வைத்து, சில நாள் கழித்துத் திரும்பப் பாருங்கள். மண் பூசி மூடியிருந்தால் கறையான் இருக்கிறது. குடிவர முன்னரே மருந்து அடித்துத் தரும்படி வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய விஷயம் இது. சிப்போர்ட், எம்.டி.எஃப் அலுமாரிகளை நான் வேண்டாம் என்பதற்குக் கறையான் ஒரு காரணம். மாரியில் நிலம் கசிந்தால் அந்தப் பலகையின் அடிப்பாகம் தண்ணீரைக் குடித்து ஊதிவிடும், பிறகு கதவு மூடாது. அதோடு, ஒருமுறை கழற்றிப் பூட்டினால் ஆணி பிடிக்கிற இடமெல்லாம் தளர்ந்துவிடும். இரண்டாவது வீட்டுக்கு அது போய்ச் சேராது.

அயலவரிடம் மாரி மழைக்கு எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்றும் கேளுங்கள். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எத்தனையோ வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. தாழ்வான இடமென்றால் நிலத்தோடு இருக்கிற சாமானே வேண்டாம், எல்லாவற்றுக்கும் கால் இருக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர் குடிக்க எப்படி என்றும் அதே அயலவரிடம் கேட்டு வையுங்கள். வன்னியில் பல இடங்களில் தண்ணீர் சுண்ணாம்பு கலந்தது, கேத்தலில் வெள்ளையாகப் படியும். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் ஒரு பெரிய பிரச்சினையாக இருப்பதால், நாலு வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் குடிதண்ணீருக்கு ஒதுக்கும் காசைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. சுத்திகரித்த தண்ணீரைக் கானில் வாங்குவது என்றால் அதற்கு ஒரு மேசையும் குழாய் வைத்த ஒரு பாத்திரமும் போதும்.

இனி படுக்கை. உங்கள் ஒன்றரை இலட்சத்தில் அரைவாசிக்குக் கிட்ட இதற்குப் போகட்டும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். பகல் முழுக்கக் கணக்குப் பார்த்துவிட்டு வருகிறவர் இரவில் நித்திரை இல்லாமல் புரண்டால் செற்றி இருந்தும் பிரயோசனம் இல்லை.

ஆறு அடிக்கு ஆறு அடி ஒரே மெத்தை வாங்காதீர்கள். ஆறு அடிக்கு மூன்று அடி மெத்தை இரண்டு வாங்குங்கள், அதே அளவில் இரும்புக் கட்டில் இரண்டு. சேர்த்துப் போட்டால் நீங்கள் மூன்று பேரும் படுக்கலாம். நடுவில் வரும் இடைவெளிக்கு ஒரு பழைய போர்வையை நீளமாக மடித்துச் செருகி, மேலே ஒரே விரிப்பாக விரித்துவிடுங்கள். இரண்டு கட்டில் காலையும் நைலோன் கயிற்றால் சேர்த்துக் கட்டினால் விலகாது. அம்மா வந்தால் ஒன்றைப் பிரித்து மற்ற அறையில் போடலாம். அறை சின்னதென்றால் பிரித்துச் சுவரோரமாக ஒவ்வொன்றாகப் போடலாம். இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டிய வீடுகள் 550 சதுர அடியளவுதான், அந்த அளவு வீட்டின் அறைக்குள் பிரிக்க முடியாத ஆறுக்கு ஆறு கட்டிலைப் போட்டால் நடமாட இடம் குறைந்துவிடும். போகிற அன்று நட்டுக்களைக் கழற்றினால் இரண்டு கட்டிலும் ஒரு கட்டுக் கம்பி. மெத்தை தனித்தனியாக இருப்பதால் எந்த வாசலுக்குள்ளும் நுழையும். விற்பதென்றாலும் பெரிய கட்டிலை விட இது சுகமாக விலை போகும். விடுதிக்குப் போகும் பிள்ளைக்கும் அறை எடுத்து இருக்கும் உத்தியோகத்தருக்கும் ஒற்றைக் கட்டில் எப்போதும் தேவை. கட்டிலைப் பாவித்ததாகவே வாங்கலாம், அசைத்துப் பார்த்து, பற்றவைத்த இடங்களில் துரு இல்லையென்றால் போதும். மெத்தையை மட்டும் புதிதாக வாங்குங்கள். இந்த வெக்கைக்கு முழு ஸ்பொஞ்சை விடத் தும்பு மெத்தை நல்லது, முதுகிலும் வேர்வை தேங்காது.

செலவைக் குறைக்க நிலத்தில் பாய் போட்டுப் படுக்கலாமே என்று நீங்கள் யோசிக்கக்கூடும். பகலில் தாராளமாகப் படுங்கள். இரவில், அதுவும் வளவு பற்றையாக இருக்கிற வீட்டில், பிள்ளையை நிலத்தில் படுக்க விட வேண்டாம். கட்டுவிரியன் இரவில் நடமாடுகிற பாம்பு. வீட்டுக்குள் வந்து, நிலத்தில் நித்திரையாக இருப்பவரைக் கடிப்பது அதன் வழக்கம், பல நேரம் கடித்ததே தெரியாது. கட்டிலும், மெத்தைக்குக் கீழே சுற்றிவரச் செருகிய நுளம்பு வலையும் இருந்தால் அந்தப் பயம் பெருமளவு போய்விடும். வலை நுளம்புக்கும்தான், மாரி தொடங்கினால் டெங்கும் தொடங்கும். சேர்த்துப் போட்ட இரண்டு கட்டிலுக்கும் பெரிய வலை ஒன்றே போதும். சுவரில் நாலு கொளுக்கி அடிக்க வேண்டி வரும், வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு அடியுங்கள்.

படுக்கை அறைக்கு நிற்கிற ஃபான் ஒன்று வாங்குங்கள். சீலிங் ஃபான் வாங்கினால் பூட்ட ஆள், வயர், கழற்ற ஆள் என்று செலவு தொடரும், போகும்போது பலர் விட்டுவிட்டும் போகிறார்கள். நிற்கிற ஃபானை ஹோலுக்கும் குசினி வாசலுக்கும் தூக்கிப் போகலாம். மின்சாரக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 75 வாற் ஃபான் ஒன்று இரவில் பத்து மணித்தியாலம் ஓடினால் மாதம் 22 அலகுக்கு மேல். இரண்டு ஃபான் என்றால் 45. மாதம் 60 அலகைத் தாண்டினால் வீட்டு மின் கட்டணம் கணக்கிடுகிற முறையே மாறிவிடும், பில் திடீரென்று ஏறுவது அதனால்தான். ஃபிரிட்ஜ் வந்தால் நிச்சயம் தாண்டுவீர்கள். அதற்காக ஃபிரிட்ஜ் வேண்டாம் என்று சொல்லவில்லை, முதல் மாத பில்லைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பிளக் பொயின்ற்களையும் பார்த்து வையுங்கள். பழைய வயரிங் என்றால் வட்டக்கால் துளையாக இருக்கும், இப்போது வருகிற சாமான்களில் 13 அம்பியர் சதுரக்கால். இடையில் மலிவு அடப்டரைச் செருகி அதில் அயன்பெட்டியும் கேத்தலும் போடுவதை விட, மின்வேலை செய்கிற ஒருவரைக் கூப்பிட்டு இரண்டு பொயின்ற்றை மாற்றுவது நல்லது. அந்தச் செலவும் வீட்டுக்காரர் தலையில் போக வேண்டியது.

குசினிக்கு அதிகம் சொல்ல இல்லை. சட்டி பானை, கோப்பை எல்லாம் ஊரிலிருந்து வரட்டும். காஸ் சிலிண்டர் வீட்டில் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள், இங்கே வெறும் சிலிண்டரைக் கொடுத்து நிரம்பியதை மாற்றலாம், புதுச் சிலிண்டருக்குக் கட்டுகிற காசு மிச்சம். ஹோஸையும் கிளிப்பையும் மட்டும் புதிதாகப் போடுங்கள். சாமான் அடுக்க நாலு தட்டு இரும்பு ராக்கை ஒன்று, பாவித்தது கிடைத்தால் போதும். வெங்காயம், கிழங்கு, தேங்காய் வைக்கப் பனையோலைக் கடகம் இரண்டு வாங்குங்கள். காற்றுப் போகும், பழுதாகாது, பூநகரிப் பக்கம் பனையோலை வேலை செய்கிற பெண்களுக்கும் நாலு காசு போய்ச் சேரும்.

உடுப்புக்கு அலுமாரி தேவைதானா என்று தங்கச்சியோடு இருந்து யோசியுங்கள். சீலையும் நல்ல உடுப்பும் சூட்கேசில் இருக்கட்டும். தினமும் போடுவதற்கு ஒரு பைப் ஸ்ராண்டும் முன்னால் ஒரு துணித் திரையும் காணும். பத்திரம், நகை, பிறப்புச் சான்றிதழ் வைக்கப் பூட்டு இருக்கிற ஒன்று வேண்டும் என்றால் பாவித்த இரும்பு அலுமாரி, இரண்டு கதவு, தேடி வாங்குங்கள். கறையான் தின்னாது, நாலு வீடு மாறினாலும் உடையாது, வாங்கிய விலைக்குக் கிட்டவே விற்கலாம். சுவரோடு ஒட்டாமல் ஒரு கை அகலம் தள்ளி, காலுக்குக் கீழே அரைக்கல் வையுங்கள். பாவித்த சாமான் கிடைக்கிற இடங்களில் ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. அரச திணைக்களங்கள் கழித்துவிட்ட மேசை, கதிரை, இரும்பு அலுமாரிகளை ஏலத்தில் விடும். அறிவித்தல் பலகையைப் பாருங்கள், கிளைக்கு வருகிற உத்தியோகத்தர்களிடமும் சொல்லி வையுங்கள். மற்றது, இங்கிருந்து மாற்றலாகிப் போகிறவர்கள். நீங்கள் வருகிற அதே மாதத்தில் யாரோ ஒருவர் வீட்டைக் காலி செய்துகொண்டிருப்பார். கிளையில் உங்களுக்கு முதல் அந்தக் கதிரையில் இருந்து வேலை செய்தவரிடமே கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. முதிரை, பாலை மரத்தில் செய்த கட்டிலோ மேசையோ நம்ப முடியாத விலைக்கு வந்தால், பில் கேளுங்கள். இல்லையென்றால் விடுங்கள். அனுமதி இல்லாமல் காட்டில் வெட்டிய மரமாக இருந்தால், நாளைக்கு அதை லொறியில் ஏற்றி வீதிக்கு வரும்போது மறித்துக் கேட்கப்படப் போவது நீங்கள்.

ஹோலுக்கு வருவோம். என்னைக் கேட்டால் அதைப் பாதி வெறுமையாக விடுங்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு ஓடி விளையாட வீட்டுக்குள் கிடைக்கிற ஒரே இடம் அதுதான். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் கிரவல் வீதியின் செம்மண் தூசி ஜன்னல் மூடியிருந்தாலும் உள்ளே வரும். துணி செற்றியில் அது இறங்கினால் தட்டித் தட்டியே தங்கச்சிக்கு இளைப்பு வந்துவிடும். துடைத்துவிடக்கூடிய கதிரைகளாக நாலு, மடிக்கிற மேசை ஒன்று. அந்த மேசையில் சாப்பிடலாம், படிக்கலாம், உடுப்பு அயன் பண்ணலாம். நிலத்துக்கு ஒரு நல்ல பெரிய பாய். பிள்ளையின் பிறந்தநாள் என்று முப்பது பேர் வந்தால் கதிரையும் கோப்பையும் வாடகைக்குக் கொடுக்கிற இடம் எந்தச் சந்தியிலும் இருக்கும், ஒரு நாளுக்காக வருடம் முழுக்க ஆறு கதிரை காவ வேண்டாம்.

அப்படியென்றால் வீட்டுக்கு அழகே வேண்டாமா என்று தங்கச்சி கேட்பார், கேட்கத்தான் வேண்டும். அழகுக்கு ஒதுக்குகிற காசை ஜன்னல் திரைக்குப் போடுங்கள். வாடகை வீட்டில் சுவருக்கு நிறம் பூச முடியாது, நிலத்தை மாற்ற முடியாது, ஆனால் திரை மாறினால் அறை முழுக்க மாறும். உங்களுக்கு மருதமுனை எட்டாத தூரம் இல்லை, வர முன்னர் கைத்தறித் துணி எடுத்து வாருங்கள். ஒரே நிறக் குடும்பத்தில் திரைக்கும் கட்டில் விரிப்புக்கும் கதிரைத் தலையணைக்கும் எடுத்தால், ஹோலில் நாலு கதிரை மட்டும் இருந்தாலும் யோசித்துச் செய்த வீடாகத் தெரியும். மேற்கு ஜன்னலுக்கு மட்டும் தடித்த, கடும் நிறத் துணி. தைக்கும்போது கீழ் மடிப்பைத் தாராளமாக விடச் சொல்லுங்கள், அடுத்த வீட்டு ஜன்னல் உயரமாக இருந்தால் பிரித்து இறக்கலாம். முகம் பார்க்கும் கண்ணாடியைத் தனியாக வாங்கிச் சுவரில் மாட்டுங்கள், கண்ணாடி மேசைக்குக் கொடுக்கிற விலையில் ஒரு சின்னப் பங்குதான் வரும். குசினி வாசலில் இரண்டு சாடியில் கறிவேப்பிலையும் துளசியும் வையுங்கள்.

வீட்டுக்காரரோடு கதைக்கிற விஷயத்தில் கூச்சப்படாதீர்கள். கனடாவில் இருப்பவர் தூர இருந்து பயப்படுவது வீடு பழுதாகிவிடும் என்றுதான். ஒழுங்கான குடும்பம், மாதச் சம்பளம் எடுப்பவர் வருகிறார் என்றால் அவருக்கு அது பெரிய ஆறுதல். அதனால் வட்ஸ்அப்பில் மரியாதையாக எழுதிக் கேளுங்கள்: ஜன்னலுக்கு நுளம்பு வலை அடிப்பது, பிளக் பொயின்ற் மாற்றுவது, கறையான் மருந்து, குசினியில் இரண்டு தட்டு அடிப்பது, இவற்றை நீங்கள் செய்வித்து பில்லை அனுப்பினால் வாடகையில் கழிக்கச் சம்மதமா? அவை வீட்டோடு நிற்கிற வேலைகள், நீங்கள் போன பிறகு அவருக்குத்தான் பலன். பலர் சம்மதிப்பார்கள். சம்மதத்தை எழுத்தில் எடுத்து, மச்சானுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். குடிபுகுகிற அன்றே ஒவ்வொரு அறையையும், வெடிப்பு, கறை, உடைந்த கண்ணாடி உட்பட, படம் எடுத்து இரண்டு பேருக்கும் அனுப்பிவிடுங்கள். போகிற அன்று முற்பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது வாக்குவாதம் வராது.

காசைப் பிரிப்பதை இப்படி வைத்துக்கொள்ளலாம். படுக்கை, வலை, ஃபான் எல்லாம் சேர்த்து ஒரு 70,000 வரை. குசினி, குடிதண்ணீர், ஹோல் கதிரை மேசை, திரை எல்லாவற்றுக்கும் 50,000. மிச்சம் 30,000ஐத் தொடாதீர்கள். இரண்டு மாதம் அந்த வீட்டில் இருந்த பிறகு எது இல்லாமல் கஷ்டமாக இருக்கிறது என்று உங்கள் இருவருக்கும் தெளிவாகத் தெரியும், அப்போது அந்தக் காசு உதவும். அது பெரும்பாலும் நீங்கள் இப்போது நினைக்காத ஒன்றாக இருக்கும்: வெயில் படாத இடத்தில் உடுப்புக் காயப்போடும் கொடியாகவோ, மோட்டார் சைக்கிளுக்கு மேலே ஒரு தகரமாகவோ. ஏற்றுக்கூலியை இந்தக் கணக்குக்குள் கொண்டுவரவில்லை. மாற்றலோடு போக்குவரத்துப் படி கிடைக்குமா என்று வங்கியில் முதலே கேளுங்கள். அது இல்லையென்றால், வன்னியிலிருந்து உங்கள் பக்கம் சாமான் இறக்க வந்து வெறுமையாகத் திரும்புகிற லொறி ஒன்றை விசாரித்துப் பிடியுங்கள். தனியாகப் பேசிப் பிடிப்பதை விட நல்ல குறைவாக வரும்.

கடைசியாக அம்மாவின் கட்டில். தேக்கு நல்ல மரம், கழற்றிப் பூட்டவும் தாங்கும், அதனால் கொண்டுவரவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அம்மா இடைக்கிடைதான் இங்கே வருகிறார், வருடத்தின் மற்ற நாளெல்லாம் அவர் படுப்பது மட்டக்களப்பில். பழகிய கட்டிலை உங்களுக்குத் தந்துவிட்டு அவர் எதில் படுப்பார் என்று கேட்டிருக்கிறீர்களா? அது அங்கேயே இருக்கட்டும். அவருக்கென்று இங்கே ஒற்றைக் கட்டில் ஒன்று எப்போதும் பிரித்துப் போடக்கூடியதாக இருக்கிறது. வாங்கும்போது மட்டும் ஒன்று பாருங்கள்: மெத்தையையும் போட்ட பிறகு அதன் உயரம் அம்மாவின் முழங்கால் மட்டத்துக்கு வரவேண்டும். அதை விடப் பதிவாக இருந்தால் எழும்பும்போது முழங்கால் நோகும். கடைக்குப் போக முன்னர் அம்மாவின் முழங்கால் உயரத்தை ஒரு நூலில் அளந்து எடுத்துப் போங்கள். உயரம் காணாவிட்டால் காலுக்குக் கீழே இரும்புக் குழாய்த் துண்டு பற்றவைத்துத் தரச் சொல்லலாம், வெல்டிங் கடையில் ஒரு மணித்தியால வேலை.